சோமு கடைக்கு இடமில்லை

"ரசத்துக்கெல்லாம் கலைக்களஞ்சியத்துல இடம் கிடையாது, மணியம்."

புக்கிட் மேராவிலிருந்து சிராங்கூன் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில் இருந்தவர் சொன்னார். மடியில் தடித்த கோப்பு. சிங்கப்பூர்த் தமிழரைப் பற்றிய கலைக்களஞ்சியத்தை அவர்தான் தொகுக்கிறார் என்பது பேச்சிலேயே தெரிந்தது. பக்கத்தில் இருந்த மணியத்துக்கும் ஏறக்குறைய அவர் வயதுதான்; கையில் எழுதிய தாள்கள்.

"நான் ரசத்தை எழுதல சார், சோமு கடையை எழுதியிருக்கேன். கப்பல்ல வந்து இறங்கினவனுக்கு மொதல்ல சோறு போட்டு, அப்புறம் வேலை எங்கேன்னு சொன்ன கடை."

"அச்சுல ஆதாரம் இருக்கா? பேப்பர்ல ஒரு வரி?"

"பேப்பரை அங்க வடை மடிக்கத்தான் வச்சிருக்காங்க."

"போர்டு?"

"அதுல வேற பேரு. யாரும் படிச்சதில்ல."

"பேரே நிச்சயமில்ல, பாருங்க. இதைச் சேர்த்தா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு கடையைத் தூக்கிட்டு வந்து நிப்பாங்க லா."

"அடுத்த வருஷம் அந்தக் கடை வரிசையையே இடிக்கிறாங்க சார். அப்புறம் எங்க போய் ஆதாரம் தேடுவீங்க?"

தொகுப்பாளர் கோப்பின் நாடாவை இறுக்கிக் கட்டினார்.

அப்போது சீன நடத்துநர் வந்து, எங்கே என்று மலாயில் கேட்டார். தொகுப்பாளர் சில்லறையை நீட்டினார்.

"சோமு கடை, ரெண்டு."

நடத்துநர் மறுபேச்சில்லாமல் இரண்டு டிக்கெட்டுகளைத் துளையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த இருக்கைக்குப் போனார்.

மணியம் நடத்துநரின் முதுகையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"இவரு எந்தப் புத்தகத்துல படிச்சாரு சார்?"