கணக்கில் பெயிலானால் மிட்டாய்

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் ஈசிஜிக்கு உட்கார்ந்திருந்தேன். நெஞ்சைப் பிடித்தது வாயுவாகத்தான் இருக்கும். ஆனாலும் லாஸ்பேட்டையிலிருந்து ஸ்கூட்டரில் வருவதற்குள், என் காரியத்துக்கு யாரைக் கூப்பிடுவது, யாரை விட்டுவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். பக்கத்தில் நிறைமாத வயிற்றோடு ஸ்கேனுக்குக் காத்திருந்த பெண்ணிடம் அவள் புருஷன் சொன்னான்:

“நம்ம புள்ள கணக்குல பெயிலாச்சுன்னா தெருவுக்கே மிட்டாய் குடுப்பேன்.”

என் சாவை அப்படியே நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

“ஏழு வயசுல காலேஜ் கணக்கு போட்டவரு பேசற பேச்சா இது?”

“போட்டவனுக்குத்தான் தெரியும். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில யாராவது ரெண்டு பெரிய நம்பரைச் சொல்லி, பெருக்குடாம்பாங்க. எங்கப்பா பாவம், பெருமை தாங்காம ‘சொல்லு ராஜா’ம்பாரு. சொல்லி முடிச்சா அடுத்த ஆளு கேப்பாரு. ஐஸ்கிரீம் கரைஞ்சு இலையில ஓடும். ஒருத்தரும் ‘சாப்ட்டியாடா’ன்னு கேட்டதில்ல.”

அவள் வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

“இதுவும் உங்கள மாதிரியே பொறந்துட்டா?”

“அதாண்டி பயமா இருக்கு.”

“என்ன பயம்? பந்தியில எவனாவது கணக்கு கேட்டா, ‘புள்ள சாப்பிடுது, அப்புறம் வாங்க’ன்னு சொல்ல நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்.”

“அப்புறமும் வந்து கேட்டா?”

“அது அதோட இஷ்டம். தோணுனா சொல்லட்டும், இல்லன்னா வெளையாடப் போவட்டும்.”

அவன் அவளையே பார்த்தான்.

“அப்பல்லாம் நீ எங்கடி இருந்த?”