பச்சைத் திரை

பொதுவாக நான் அவசரப்படுகிற ஆள் இல்லை, சார். புக்கிட் பெருவாங்கில் எங்கள் தனியார் மருத்துவமனையில் யாரைக் கேட்டாலும், மரியசூசை நிதானமானவன் என்றுதான் சொல்வார்கள். கணினிப் பிரிவில் எனக்கு நிதானம்தான் சோறு போடுகிறது. நிர்வாகியாக உள்ளே போய்க் கட்டளை அடித்தால், "நிஜமாகவே அழிக்கவா?" என்று கணினி திருப்பிக் கேட்காது. அதனால் எந்தக் கணினியில் இருக்கிறோம், எதை அழிக்கப் போகிறோம் என்று முதலில் பார்த்துவிட வேண்டும். இந்த விதிகளைச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

ரஹீலா என்னோடு வேலை பார்ப்பவள். நோயாளிகளின் விவரம் இருக்கும் நிஜக் கணினிக்கு என் திரையில் சிவப்பு நிறம், சோதனைக் கணினிக்குப் பச்சை. அவள் நேர்மாறாக வைத்திருந்தாள்.

"பச்சைன்னா எங்க மார்க்கத்துல ஒரு மரியாதைண்ணே. அதான் நிஜ மிஷினுக்கு வச்சிருக்கேன். பாத்து தொடுங்க லா," என்று சொல்லிவிட்டுத்தான் நோன்புப் பெருநாள் ராயா லீவுக்கு ரெம்பியாவில் இருக்கும் வீட்டுக்குப் போனாள்.

அன்று சோதனைக் கணினியில் உள்ளதை அழிக்க வேண்டியிருந்தது; என் கணினி மக்கர் செய்ததால், அவள் பெயரிலேயே திறந்து கிடந்த அவள் மேசைக் கணினியில் உட்கார்ந்தேன். பச்சையைப் பார்த்ததும் கை தானாக அழிக்கும் கட்டளையை அடித்தது. நோயாளிகளின் விவரம் முழுக்கப் போனது. கூடவே இணைத்திருந்த மாற்றுப் பிரதியும் போனது.

மாதாவே, மாதாவே என்று பிதற்றிக்கொண்டு அலமாரியைக் குடைந்தேன். நோன்புக்கு முன் எடுத்த பழைய பிரதி ஒன்று கிடைத்தது. அதை ஏற்றி, அன்றைய வார்டுப் பட்டியலை அச்சுத்தாளிலிருந்து சேர்த்தேன். வார்டுகளில் திரைகள் மீண்டும் வந்தன. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆனால் எனக்குத் தெரியும். நியாலாஸ் எஸ்டேட்டிலிருந்து வந்த, எல்லோரும் அத்தை என்று கூப்பிடும் முனியாயி காய்ச்சலில் நினைவில்லாமல் கிடந்தார். பென்சிலின் அவருக்கு ஆகாது. நோன்பு மாதத்தில் அவர் முன்பு வந்திருந்தபோது, அந்தக் குறிப்பு திரையில் தெரியவில்லை என்று வார்டில் கூப்பிட்டபோது, சரிசெய்து கொடுத்தவன் நான். பழைய பிரதியில் அந்த இடம் காலி. வழக்கமான நர்ஸ்களும் லீவில் இருந்தார்கள்.

ஒரு போன் போதும். எடுத்தேன், வைத்தேன். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இந்த வேலையை விட்டால் எனக்கு வேறு எதுவும் தெரியாது, சார். அழிந்ததை மீட்டுவிட்டால் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று போராடினேன். முடியவில்லை. மாலையில் ஒருவழியாக வார்டுக்கு போன் செய்து, சிஸ்டம் எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டேன்.

"எல்லாம் ஓகே லா அண்ணே," என்றாள் புது நர்ஸ் தேவிஸ்ரீ. "முனியாயிக்கு இப்பதான் பென்சிலின் போடப் போறோம்."

"சரிம்மா," என்று போனை வைத்தேன்.

அத்தை அன்றே இறந்துபோனார். கட்டளை ரஹீலாவின் பெயரில் பதிவாகியிருந்தது. அவள் வீட்டிலிருந்தும் உள்ளே வர முடியும் என்பதால் அவளைப் பிடித்து லாக்கப்பில் வைத்தீர்கள். நான் பொய் சொல்லவில்லை. என்னை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். இன்று கேட்டீர்கள், சொல்லிவிட்டேன். அழித்தது நான். மறைத்தது நான். அந்த ஊசி ஏறப் போகிறது என்று தெரிந்தும் வாயைத் திறக்காதவனும் நான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் என்னைச் சீக்கிரம் அனுப்பிவிட்டால் நல்லது, சார். ரஹீலாவும் அங்கே இல்லை. நானும் போகாவிட்டால் அந்த நோயாளிகளை யார் பார்த்துக்கொள்வது?