மூடியிருக்கும் நாட்களுக்குக் கட்டணம் இல்லை

என் மகள் செருப்பை எப்போதும் மாற்றித்தான் போட்டுக்கொள்வாள். இடது செருப்பு வலது காலில் இருக்கும், வலது செருப்பு இடது காலில் இருக்கும். அந்த வியாழக்கிழமையும் வீட்டிலிருந்து அப்படியேதான் கிளம்பினாள். நான் பார்த்தேன், திருத்தவில்லை. குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் என் அக்கா முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டையும் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டாள். எழுந்திருக்கும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் பொண்ணுக்கு மூணு வயசு. உனக்கு எத்தனைடா ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள்.

நான் சிரித்துவிட்டு வந்தேன். அக்கா என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

அன்று என் அலுவலகத்துக்கு விடுமுறை. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. வேறு யாராவது சொல்லித் தெரிந்துகொண்டால் நான் மறைத்ததுபோல் ஆகிவிடும். வீட்டில் சும்மாதான் இருந்தேன். ஆனால் காப்பகம் அன்று திறந்திருந்தது, அந்த நாளுக்கும் சேர்த்துப் பணம் கட்டியிருந்தேன். பணம் கட்டிய நாளில் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

மருத்துவக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் பில்களைப் படித்து, எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று குறிப்பெழுதுவது என் வேலை. கல்நெஞ்சுக்காரன் செய்யும் வேலை என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. விண்ணப்பத்தில் சொல்லியிருப்பதை மட்டும் பார்க்க வேண்டும், சொல்லாததை நாமாக ஊகித்துக்கொண்டு முடிவெடுக்கக் கூடாது. அவ்வளவுதான் அதில் இருக்கும் கட்டுப்பாடு. இதை நான் வீட்டிலும் கடைப்பிடிக்கிறவன்.

அக்கா நடத்திய காப்பகம் பெரிய இடமல்ல. தரைத்தளத்தில் இரண்டு அறைகள், ஒரு சமையலறை, பின்னால் சிமெண்டு முற்றம், அதில் ஒரு சறுக்குமரம். பதினான்கு குழந்தைகள். உதவிக்கு ஒரு பெண்மணி இருந்தார். மதியம் குழந்தைகளைத் தூங்கவைப்பது அவர் பொறுப்பு என்பதால் எல்லோரும் அவரைத் தாலாட்டு என்றே கூப்பிடுவோம். அவருக்குப் பாட வராது. அதட்டித்தான் தூங்கவைப்பார்.

அக்கா என்னிடமும் முழுக் கட்டணம் வாங்கினாள். "தம்பி பொண்ணுக்கு மட்டும் சும்மான்னா மத்தவங்க மூஞ்சியில எப்படிடா முழிக்கிறது?" என்றாள். நியாயம்தான். எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை. அப்பாவும் அம்மாவும் ஒரே விபத்தில் போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பத்தொன்பது. அதன்பிறகு பன்னிரண்டு வருடம், காய்ச்சல் என்றோ களைப்பு என்றோ எனக்காக அவள் ஒரு நாளும் மூடியதில்லை. ஒரு காசும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் ரசீதுப் புத்தகத்தில் என் பெயரை எழுதிக் கிழித்து நீட்டியபோது கொஞ்சம் விசித்திரமாக இருந்தது. வருத்தம் என்று அதைச் சொல்ல முடியாது.

கடந்த வருடத்தின் நடுவில் ஒருநாள் கதவில் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. சுத்தம் செய்யும் பணிக்காக வியாழன், வெள்ளி இரண்டு நாள் காப்பகம் மூடப்படும், கட்டணத்தில் மாற்றமில்லை. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று வாரம் கழித்து அதே அறிவிப்பு, அதே வியாழன் வெள்ளி. பிறகு மறுபடியும்.

"அப்படி என்னதான் கழுவுறாங்க? போன தடவை ஒட்டுன ஸ்டிக்கர் இன்னும் சுவத்துலயே இருக்கு," என்றார் வாசலில் நின்ற இரட்டைக் குழந்தைகளின் தாய். "எனக்கு எல்லாமே டபுள். திறந்திருந்தாலும் டபுள், மூடியிருந்தாலும் டபுள்."

"நான் க்ளினிக்கை மூடினா எனக்கு யாரு காசு குடுக்கிறா? வாயைத் திறந்தாத்தான் எனக்குச் சோறு. என் வாயில்ல, வர்றவங்க வாய்," என்றார் இன்னொரு குழந்தையின் அப்பாவான பல் டாக்டர்.

அந்த நாட்களில்தான் அக்கா தலையை முழுக்க மூடித் துணி கட்டிக்கொள்ள ஆரம்பித்தாள். பிள்ளைகள் முடியைப் பிடித்து இழுக்கிறார்கள் என்றாள். கப்பல் கேப்டன்போல இருக்கிறது என்று பல் டாக்டர் சொன்னார். மறுநாள் அவள் ஒரு காகிதத் தொப்பியை அதன்மேல் வைத்துக்கொண்டு வாசலில் நின்று அவருக்கு சல்யூட் அடித்தாள். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

ஐந்தாவது முறை மூடியபோது, ஒரு மனு எழுதித் தரும்படி பெற்றோர்கள் என்னிடம் கேட்டார்கள். எழுத்து வேலை தெரிந்தவன் நான்தான். சொந்த அக்காவுக்கு எதிராக எழுதுவதா என்று யோசித்தேன். சொந்தம் என்பதற்காக ஒதுங்கினால் அதுதான் பாரபட்சம் என்று தோன்றியது. அவளும் பாரபட்சம் பார்க்காதவள்தானே.

ஒரு விடுமுறை நாளில் வீட்டில் உட்கார்ந்து அதை எழுதினேன். என் மனைவி தோள் வழியாக எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, இன்னைக்கு உங்க ஆபீஸ் லீவு. சம்பளத்துல பிடிப்பாங்களா?"

"அது கம்பெனி."

"அண்ணி கம்பெனி இல்ல. அதனால அவங்களுக்கு மட்டும் பிடிக்கலாம். அப்படித்தானே?"

"ரெண்டையும் போட்டுக் குழப்பாதே."

"நான் குழப்பல. நீங்க ரொம்பத் தெளிவா இருக்கீங்க. அதான் பயமா இருக்கு," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

மனு நன்றாக வந்திருந்தது. பொது விடுமுறைகளுக்குக் கட்டணம் உண்டு, அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் நடத்துபவர் தம் வசதிக்காக மூடும் நாட்களுக்குக் கட்டணம் கிடையாது. மூடல்கள் சரியாக இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை வருவதை ஒரு அட்டவணையாகப் போட்டுக் காட்டியிருந்தேன். அந்த அட்டவணையை எல்லோரும் பாராட்டினார்கள்.

கூட்டம் காப்பகத்திலேயே நடந்தது. பெரியவர்களுக்கு நாற்காலி இல்லாததால் எல்லோரும் குழந்தைகளின் பிளாஸ்டிக் நாற்காலிகளில், முட்டி காதைத் தொடும்படி உட்கார்ந்திருந்தோம். கையெழுத்துப் போடும்போது பேனா எழுதவில்லை. பல் டாக்டர் பச்சை க்ரேயானில் போட்டார், மற்றவர்களும் அவரவருக்குக் கிடைத்த நிறத்தில் போட்டார்கள். இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் எதிர்த் தெருவில் கேமரா வைத்துத் திறந்திருக்கும் புதுக் காப்பகத்துக்கு எல்லோரும் மாறிவிடுவதாக இரட்டையரின் தாய் சொன்னார். மிரட்டலாகச் சொல்லவில்லை, தகவலாகத்தான் சொன்னார்.

அக்கா அட்டவணையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதை மடித்தாள்.

"கழிச்சுக்கிட்டா என்னால வாடகை குடுக்க முடியாது. தாலாட்டுக்குச் சம்பளமும் குடுக்க முடியாது. அதனால இனிமே மூடல. போதுமா?"

எல்லோரும் கைதட்டினோம்.

மற்றவர்கள் போன பிறகு நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க நான் உதவினேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"எல்லாம் கணக்கா எழுதியிருக்கே. எதுக்கு மூடுறேன்னு மட்டும் ஒரு வார்த்தை கேக்கலையேடா."

"சுத்தம் பண்ணன்னு நீதானே நோட்டீஸ்ல போட்டிருக்கே அக்கா."

"ஆமா. போட்டிருக்கேன்ல," என்றாள். விளக்கை அணைத்தாள்.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பழைய கணக்குப்படி அடுத்து மூடியிருக்க வேண்டிய வியாழனில் காப்பகம் திறந்திருந்தது. அதற்கடுத்த முறையும் திறந்திருந்தது. மூன்றாவது முறையும் திறந்திருந்தது, அப்போது அவள் உட்கார்ந்தபடியே குழந்தைகளை வாங்கிக்கொண்டாள். நான்காவது முறை வந்த வியாழன்தான் நான் முதலில் சொன்ன நாள்.

மதியம் குழந்தைகளைப் படுக்கவைத்தபோது, தனக்கும் கண்ணைச் சுழற்றுகிறது என்று சொல்லி அவளும் ஒரு பாயில் படுத்திருக்கிறாள். தாலாட்டு வழக்கம்போல் அதட்டியிருக்கிறார். மூன்று மணிக்கு எல்லாக் குழந்தைகளும் எழுந்துவிட்டன. என் மகள் தன் போர்வையை எடுத்துக்கொண்டுபோய் அவளுக்குப் போர்த்திவிட்டு, "சத்தம் போடாதீங்க, அத்தை தூங்குறா," என்று மற்றவர்களை அடக்கிக்கொண்டிருந்திருக்கிறாள். அரை மணி நேரம் யாரும் சத்தம் போடவில்லையாம். அந்த இடத்தில் அவ்வளவு அமைதி அதுவரை இருந்ததில்லை என்று தாலாட்டு சொல்லிச் சொல்லி அழுதார்.

தாலாட்டு போன் செய்தபோது நான் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, காப்பகத்தை ஒழுங்குபடுத்தப் போன என் மனைவி, ப்ளீச்சிங் பவுடரும் துடைப்பங்களும் இருந்த அலமாரியில் ஒரு கோப்பைக் கண்டெடுத்தாள். மேலே அக்காவின் குண்டு குண்டான எழுத்தில் 'க்ளீனிங்' என்று எழுதியிருந்தது. உள்ளே இருந்தவை ஆஸ்பத்திரிக் காகிதங்கள். புற்றுநோய்க்கான கீமோ சிகிச்சை, மொத்தம் ஒன்பது தவணை. ஒரு தவணைக்கும் அடுத்ததற்கும் இருபத்தொரு நாள் இடைவெளி. முதல் நாள் மருந்து ஏற்றுவார்கள், மறுநாள் எழுந்து நடமாட முடியாது. ஐந்து தவணை முடிந்திருந்தது. ஆறாவதுக்கு நேராக ஆஸ்பத்திரியில் ஒரு குறிப்பு எழுதியிருந்தார்கள்: நோயாளியின் வேண்டுகோளின் பேரில் தள்ளிவைக்கப்பட்டது. ஏழாவதுக்கும் அதேதான். எட்டாவதுக்கும் அதேதான். அந்த வியாழனுக்கு நேராக எதுவும் எழுதப்படவில்லை.

மனைவி கோப்பை என் மடியில் வைத்தாள்.

"உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியாது," என்றேன்.

அவள் நம்பினாள். என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

என் மேசைக்கு மாதம் நாற்பது கோப்புகளாவது அப்படி வரும். இருபத்தொரு நாள் இடைவெளி என்பதை எங்கள் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கூட ஒரு வாரத்தில் படித்துக்கொள்வார். எந்தக் காப்பகமும் இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை அழுக்காவதில்லை. மூன்றாவது அறிவிப்பு ஒட்டிய அன்றே சமையலறைக் காலண்டரில் விரலை வைத்து எண்ணிப் பார்த்தேன். மறுநாள் அவள் தலையில் துணியோடு வந்தாள். அதற்குமேல் எண்ண வேண்டியிருக்கவில்லை. அந்த அட்டவணையை நான் போட்டது பெற்றோர்களுக்காக அல்ல. அவள் பார்க்கட்டும் என்றுதான் போட்டேன். எனக்குத் தெரியும் என்று அவளுக்குத் தெரியட்டும், தெரிந்ததும் வாயைத் திறந்து சொல்வாள் என்று இருந்தேன்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். மூடும் நாட்களுக்கு மட்டுமல்ல, வாடகை, தாலாட்டின் சம்பளம், ஆஸ்பத்திரிச் செலவு எல்லாவற்றையும் கொடுத்திருப்பேன். மற்ற பெற்றோர்களையும் ஒரே நாளில் சமாதானப்படுத்தியிருப்பேன், மனுவை எழுதியவனே நான்தானே. முதல் தவணையை அவள் தவறவிட்டபோது, அடுத்த வாரம் வந்து சொல்வாள் என்று காத்திருந்தேன். இரண்டாவது தவறியபோது வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வந்துவிடுவேன், அவள் வந்தால் நான் இருக்க வேண்டுமே என்று. மூன்றாவதும் தவறியபோது, இவ்வளவு அழுத்தக்காரியா என்று எனக்குக் கோபமே வந்தது. பன்னிரண்டு வருடம் நான் எது வேண்டுமென்றாலும் அவளிடம்தான் போய்க் கேட்டேன். அவள் ஒரே ஒருமுறை என்னிடம் கேட்டிருக்கலாம்.

வேண்டுகோள் நோயாளியுடையது என்று ஆஸ்பத்திரியே எழுதியிருக்கிறது. என் மேசைக்கு அந்தக் கோப்பு வந்திருந்தால் நான் வேறு யார்மேலும் குறை எழுதியிருக்க முடியாது.

இப்போது காப்பகத்தைத் தாலாட்டு நடத்துகிறார். நாங்கள் அன்று க்ரேயானில் கையெழுத்திட்ட விதியை அக்காவே தட்டச்சு செய்து, பிளாஸ்டிக் உறை போட்டுக் கதவில் மாட்டியிருந்தாள். அது அங்கேயே இருக்கிறது. ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. துக்கத்துக்காக வெள்ளி, சனி, திங்கள் மூன்று நாள் மூடியிருந்தார்கள். அடுத்த மாதம் கட்டணம் கட்டப் போனபோது தாலாட்டு விதியைப் படித்துப் பார்த்துவிட்டு, மூன்று நாள் பணத்தைக் கழித்து ரசீது எழுதினார். நான் ரசீதைச் சரிபார்த்து வாங்கிக்கொண்டேன். மறுத்திருந்தால் அக்காவுக்கென்று தனிச் சலுகை காட்டியதாக ஆகியிருக்கும்.

மகளை இப்போதும் தினமும் நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். அவள் இன்னும் செருப்பை மாற்றித்தான் போட்டுக்கொள்கிறாள்.