சிரிப்பு வண்டி

லியாவ் அக்கா: …சும்மா சொல்லக் கூடாதும்மா, தங்கமான குழந்தை. ரயிலே அதிருது, அந்தப் பக்கம் சீட்டாடுறவனுங்க தொண்டை கிழியக் கத்துறானுங்க. இவ பாட்டுக்கு அப்பன் மடியில எப்படித் தூங்குறா பாரு! …என்னம்மா, முகம் இப்படி மாறுது? நல்லதுதானே சொன்னேன்?

தோங்: ஒண்ணுமில்ல அக்கா. அந்த வார்த்தை எங்களுக்கு ஆகாது.

லியாவ் அக்கா: எந்த வார்த்தை?

ஷியு: சத்தத்துலயும் தூங்குறாங்கறது. யாயா அப்பா… அவ காதுகிட்ட கொஞ்சம் சொடக்குப் போட்டுப் பாரேன்.

தோங்: போட மாட்டேன். விடியுறதுக்கு முன்னாடி எழுந்த புள்ள, தூங்கட்டும்.

ஷியு: லேசா…

தோங்: ஆரம்பிச்சுட்டா! அக்கா, இவ வீட்டுலயும் இப்படித்தான். புள்ள கண்ணை மூடுனா போதும், பாத்திர மூடியைக் கீழ போடுவா. அது பதறி எழுந்து அழும். இவ சந்தோஷப்படுவா.

ஷியு: அழுதா கேக்குதுன்னு அர்த்தம். சந்தோஷப்படாம?

லியாவ் அக்கா: இருங்க, இருங்க. நான் பிரசவ வீட்டுல ஒரு மாசம் தங்கித் தாயையும் சேயையும் பாத்துக்கிறவ. ஷாங்காய்ல எத்தனை வீடு! குழந்தை தூக்கத்தைப் பத்தி எனக்கே பாடமா? சத்தத்துல தூங்குற குழந்தைதான் வரம்.

ஷியு: நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்.

லியாவ் அக்கா: …அப்படின்னா?

தோங்: நான் பழைய சாமான் எடுக்கிறவன் அக்கா. மூணு சக்கர வண்டி. ஊர் ஊராப் போகணும். இவ பட்டறைக்குத் தைக்கப் போயிடுவா. அதனால யாயா கைக்குழந்தையில இருந்தே என்கூட வண்டியிலதான். தலைமாட்டுல ஸ்பீக்கர் அலறும், இவ குறட்டை விடுவா. தெருவே மெச்சும். 'கொடுத்து வச்சவன்டா தோங், தொந்தரவே இல்லாத புள்ள'ம்பாங்க. நானும் மார்தட்டிக்கிட்டுத் திரிஞ்சேன்.

லியாவ் அக்கா: ஐயோ…

ஷியு: பிறந்தப்போ காதுல மிஷின் வச்சுப் பாத்தாங்க. நல்லாருக்குன்னுதான் சொன்னாங்க. இவ வகை அந்த மிஷினுக்குச் சிக்காதாம். ரெண்டு வயசு முடிஞ்சு வந்த புது வருஷம். பக்கத்துல சரவெடி. தெருப் புள்ளைங்க எல்லாம் காதைப் பொத்திக்கிட்டு ஓடுது. இவ மட்டும் பொறி எப்படிப் பறக்குதுன்னு நின்னு பாத்துக்கிட்டு இருந்தா. திரும்பக்கூட இல்ல.

தோங்: முட்டை சாப்பிடுங்க அக்கா. நீங்க டீத்தண்ணியில வேக வச்சுக் கொண்டு வந்த முட்டைதான், ஆறிடப் போகுது.

லியாவ் அக்கா: முட்டை கிடக்கட்டும். இப்ப கேக்குதா கேக்கலையா, அதைச் சொல்லு முதல்ல!

தோங்: கேக்குது! இந்த வலது காதுல. ஷாங்காய் ஆஸ்பத்திரில ஊசி போட்டாங்க.

லியாவ் அக்கா: ஊசி போட்டாக் காது கேக்குமா? யாருகிட்ட விடுற கதை?

தோங்: நானும் டாக்டரம்மாகிட்ட இதையேதான் கேட்டேன். கொஞ்சம் மரியாதையா.

ஷியு: மரியாதையா? 'நான் பழைய சாமான்காரன், என் தலையிலயே ஓட்டைச் சாமான் கட்டாதீங்க'ன்னு கேட்ட.

தோங்: அதான் மரியாதை. அக்கா, இவ காது கெட்டே போகலையாம். சத்தம் உள்ள வரைக்கும் போகுது. அங்கேருந்து மூளைக்குத் தள்ளிவிடுற ஆளுதான் இல்ல. அந்த ஆளை உடம்பே செஞ்சுக்கும், எப்படிச் செய்யணும்னு குறிப்பு உடம்புக்குள்ளயே இருக்குமாம். அந்தக் குறிப்புல தப்பு. எங்கிட்ட ஒரு தப்பு, இவகிட்ட ஒரு தப்பு. தனித்தனியா இருந்தா ஒண்ணும் தெரியாது. புள்ளகிட்ட ரெண்டும் சேந்துருச்சு.

லியாவ் அக்கா: ஜாதகம் பாத்தவன் சொல்லலையா இதை?

ஷியு: பாத்தவரு எங்க மாமா. இதைவிடப் பொருத்தம் கிடையாதுன்னாரு.

தோங்: தப்புகூடப் பொருந்தியிருக்கு பாருங்க! …சரி. அந்தக் குறிப்பைச் சரியா எழுதி உள்ள அனுப்பணும். யாரு தூக்கிட்டுப் போறது? வைரஸ்.

லியாவ் அக்கா: என்னது! பச்சைப் புள்ள காதுல வைரஸையா…

தோங்: கத்தாதீங்க அக்கா! பல்லைப் பிடுங்கின வைரஸ். உடம்புக்குள்ள நுழையத் தெரியும், நோவு குடுக்கத் தெரியாது. ஆனா பாருங்க, குறிப்பு பெருசு, வைரஸ் சிறுசு. அடங்காது. இங்கதான் எனக்கு மயிர் சிலிர்த்துப் போச்சு… மாடியில ஒரு மர பீரோ இருக்கு, படிக்கட்டு குறுகல். நாங்க என்ன பண்ணுவோம்?

லியாவ் அக்கா: கழட்டுவீங்க.

தோங்: கழட்டி, ரெண்டா எடுத்துட்டுப் போய், மறுபடி மாட்டுவோம். அதேதான்! குறிப்பை ரெண்டு பாதியாக்கி, ஒரு வைரஸ்ல ஒரு பாதி, இன்னொண்ணுல இன்னொரு பாதி. ஆனா எங்க பீரோவை மாட்டுறதுக்கு ஆள் இருக்கு அக்கா. அங்க யாரு இருக்கா? காதுக்குள்ள, அந்தக் கும்மிருட்டுல, கண்ணுக்கே தெரியாத ரெண்டு துண்டு ஒண்ணையொண்ணு தேடிக் கண்டுபிடிச்சுத் தானாச் சேரணும்… சேந்துச்சு. என் புள்ள காதுக்குள்ள சேந்துச்சு!

ஷியு: கண்ணைத் துடை. எல்லாரும் பாக்குறாங்க.

தோங்: பாக்கட்டும். இந்த மாதிரி மனுஷங்க இருக்கிற காலத்துல நான் பொறந்திருக்கேன்னு எல்லாரும் பாக்கட்டும்.

லியாவ் அக்கா: …எல்லாருக்கும் இப்படிக் கேக்குமா?

ஷியு: இல்லக்கா. இந்த ஒரு வகைக்குத்தான். மத்தவங்களுக்கு இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்களாம். எங்க பக்கத்துக் கட்டில் பையனுக்கு வேற வகை. அவங்க அம்மா எனக்குப் பழம் உரிச்சுக் குடுத்துட்டு ஊருக்குப் போனா.

லியாவ் அக்கா: ம்… முதல்ல என்ன கேட்டா உங்க பொண்ணு?

ஷியு: மழை. தகரக் கூரையில. ஒரு வாரம் ஒண்ணுமில்ல, ரெண்டு வாரம் ஒண்ணுமில்ல, அப்புறம் திடீர்னு ஒருநாள் சாயங்காலம்… அண்ணாந்து பாத்தா. எந்திரிச்சு வாசலுக்குப் போனா. மழையில கையை நீட்டினா, கையைக் காதுல வச்சா, மறுபடி நீட்டினா… எனக்கு அடுப்பை அணைக்கக்கூடத் தோணல.

தோங்: நூடுல்ஸ் கரிக்கட்டை ஆயிடுச்சு. அதையும் தின்னோம்.

ஷியு: அப்புறம் வீட்டுல இருக்கிறது எல்லாத்தையும் தட்டிப் பாத்தா. சட்டி, சுவரு, இவரு தலை. ஒண்ணுக்குப் போனாச் சத்தம் வருதுன்னு தெரிஞ்ச அன்னைக்கு எங்களை இழுத்துக்கிட்டுப் போய்க் காட்டினா.

லியாவ் அக்கா: ஹஹ்ஹா! அடி திருட்டுக் கழுதை!

ஷியு: ராத்திரி வாசல்ல நிலாவைப் பாத்துக் காதைத் திருப்பினா. என்னைப் பாத்துக் கையால கேட்டா, இது ஏன் பேசலைன்னு. நிலாவுக்குச் சத்தம் கிடையாதுன்னு நான் அதுவரைக்கும் யோசிச்சதே இல்ல.

லியாவ் அக்கா: அடேயப்பா! அப்புறம் என்ன குறை? இழவு வீட்டுக்குப் போற மாதிரி ஏன் உக்காந்திருக்க?

தோங்: நாளைக்குப் பரிசோதனை.

ஷியு: இன்னும் ஒரு வார்த்தை பேசல அக்கா. கேக்க ஆரம்பிச்சு மாசக்கணக்கா ஆச்சு. இதே ஊசி போட்ட இன்னொரு பொண்ணு அம்மாங்குது, பாலுங்குது. இவ வாயே தொறக்க மாட்டேங்குறா. அந்தப் பொண்ணு சின்னது, இவளுக்கு நாலு வயசு. காது தொறந்துருச்சு… ஆனா வாயி, ரொம்ப நாள் சும்மாவே இருந்து மறந்து போச்சோன்னு… நான் தினம் முன்னாடி உக்காந்து அம்மா, அம்மான்னு சொல்றேன். என் வாயைப் பாக்குறா, சிரிக்கிறா. அவ்வளவுதான்.

தோங்: நீ சொல்றியா? முணுமுணுக்குற! எனக்கே கேக்காது. அவளுக்கு எங்க கேக்கும்?

ஷியு: எனக்கு இப்படித்தான் வருது.

தோங்: அக்கா, இவ குரல் எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க? அந்த ஸ்பீக்கர்ல இருந்தது யாரு குரல்னு நினைக்கிறீங்க?

ஷியு: யாயா அப்பா.

தோங்: இவ குரல்தான்! 'பழைய ஃபிரிட்ஜே… பழைய டீவியே… பழைய வாஷிங் மிஷினே… கொண்டாங்கோ… கொண்டாங்கோ…' கல்யாணமான புதுசுல பதிஞ்சது. கடைசிக் கொண்டாங்கோவுல நான் எதுக்கயிருந்து மூஞ்சியைக் கோணிக் காட்டினேன், இவ களுக்குனு சிரிச்சுட்டா. அது அப்படியே பதிஞ்சு போச்சு. அழிக்க மனசு வரல. ஊருக்குள்ள என் வண்டிக்கே சிரிப்பு வண்டின்னு பேரு.

ஷியு: போதும்.

லியாவ் அக்கா: இப்ப அந்த ஸ்பீக்கர் எங்க?

தோங்: …வித்துட்டேன்.

ஷியு: நான்தான் விக்கச் சொன்னேன். சரவெடிக்கு மறுநாள். தலைமாட்டுல அலறி அலறி அதுதான் புள்ள காதைத் தின்னுடுச்சுன்னு நினைச்சேன். அது என் குரல் அக்கா. என் குரலே என் புள்ளயைக் கெடுத்துருச்சுன்னு… இனிமே அது இந்த வீட்டுல இருந்தாச் சுத்தியால உடைப்பேன்னு சொன்னேன். அப்புறம் வீட்டுல சத்தமாப் பேசுறதையும் விட்டுட்டேன்.

தோங்: அது இல்லைன்னு டாக்டரம்மா ஆயிரம் தடவை சொல்லிட்டாங்க.

ஷியு: அறிவுக்குப் புரியுது. தொண்டைக்குப் புரியல.

லியாவ் அக்கா: …தம்பி.

தோங்: சொல்லுங்க அக்கா.

லியாவ் அக்கா: அந்த ஆஸ்பத்திரி நம்பர் இருக்கா உங்கிட்ட?

தோங்: இருக்கு. ஏன்?

லியாவ் அக்கா: போன வருஷம் ஒரு வீட்டுல பாத்துக்கிட்டேன்… ஒரு பையன். பக்கத்து வீட்டுல சுவத்தை இடிக்கிறான், இவன் அசையாமத் தூங்குறான். 'வரம்மா உனக்கு, வரம்'னு சொல்லிட்டு வந்தேன் அவன் அம்மாகிட்ட. ஒண்ணும் இருக்காது. இருந்தாலும் இறங்கினதும் ஒரு போன் போட்டுடுறேன்.

ஷியு: போடுங்க அக்கா. திட்டினாலும் பரவாயில்ல.

லியாவ் அக்கா: ம்… காலை நீட்டினா எதுலயோ இடிக்குது. தம்பி, அந்தப் பையில என்ன, கல்லா?

தோங்: முட்டை! டாக்டரம்மாவுக்கு. நாட்டுக்கோழி முட்டை. காலை எடுங்க அக்கா, எடுங்க!

லியாவ் அக்கா: முட்டையா? இரும்பு மாதிரி இடிக்குது?

தோங்: எங்க ஊர்க் கோழி அப்படி.

விற்பவர்: சூரியகாந்தி விதையே… வேர்க்கடலையே… தண்ணி பாட்டிலே… காலை மடக்குங்கோ… காலை மடக்குங்கோ…

தோங்: அண்ணே, மெதுவா! புள்ள தூங்குது… போச்சு, முழிச்சுட்டா.

லியாவ் அக்கா: அட, திரும்பிப் பாக்குறா! தள்ளுவண்டி எங்க போகுதுன்னு கண்ணு பின்னாடியே போகுது! கண்ணு, இங்க பாரு, அக்காகிட்ட…

விற்பவர்: வேர்க்கடலையே… தண்ணி பாட்டிலே…

யாயா: ப…

ஷியு: யாயா அப்பா…

தோங்: உஷ்!

யாயா: ப…யையே… பிச்சே…

லியாவ் அக்கா: என்னமோ சொல்றா!

யாயா: பயையே… தீவியே… கொந்தாங்கோ… கொந்தாங்கோ… கிஹ்ஹி!

விற்பவர்: யாரும்மா அது, என் வியாபாரத்துக்குப் போட்டி?

ஷியு: …பேசிட்டா.

தோங்: பேசிட்டா! ஷியு, பேசிட்டாடி! அண்ணே, ரெண்டு பொட்டலம் குடுங்க… மூணு குடுங்க!

லியாவ் அக்கா: அம்மான்னு சொல்லும்னு பாத்தா, அப்பன் பொழப்பைச் சொல்லுது! ஐயோ, இன்னொருக்காச் சொல்லு ராசாத்தி!

யாயா: கொந்தாங்கோ… கிஹ்ஹி!

ஷியு: அந்தச் சிரிப்பு.

தோங்: …என்ன சிரிப்பு?

ஷியு: கடைசியில வருதே. அது என் சிரிப்பு. நீ கூவினா அது வராது. ஸ்பீக்கர்ல மட்டும்தான் வரும்.

லியாவ் அக்கா: தம்பி, அந்தப் பையை நான் தொறக்கட்டுமா, நீயே தொறக்கிறியா?

தோங்: …விக்கல. கொல்லையில இரும்புக் குவியலுக்குப் பின்னாடி வச்சிருந்தேன். நீ பட்டறைக்குப் போனதும் எடுத்து, துண்டைச் சுத்தி, சத்தத்தைக் குறைச்சு, அவ முன்னாடி போடுவேன். உனக்குத் தெரிஞ்சா உடைச்சுடுவியோன்னு பயம். நாளைக்கு டாக்டரம்மா முன்னாடி போட்டுப் பாக்கலாம்னுதான் தூக்கிட்டு வந்தேன். என்ன பண்றது? நீ வாயைத் தொறக்க மாட்டேங்குற. அவ அம்மா முன்னாடி எப்படி இருந்தான்னு அவளுக்குத் தெரிய வேணாமா? எனக்கும்… எனக்கும் கேக்கணும் போல இருந்துச்சு. திட்டு. நல்லாத் திட்டிக்க.

ஷியு: ஒருநாள் தலைவலின்னு சீக்கிரம் வந்தேன். சுவருக்குப் பின்னாடி நின்னு பாத்தேன். என் குரலுக்கு அவ இடுப்பை ஆட்டிக்கிட்டு இருந்தா. நீ பக்கத்துல உக்காந்து அழுதுக்கிட்டு இருந்த.

தோங்: …பாத்தியா? அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?

ஷியு: ஏய்யா, இத்தனை மாசமாப் போடுறியே, நீ சார்ஜே ஏத்தலையே, ஒருநாளாவது அந்த ஸ்பீக்கர்ல சார்ஜ் தீந்துச்சா?