என் காது பற்றி ஒரு திருத்தம்

பேராசிரியர் தாமோதரன் அவர்களுக்கு,

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், ராமலிங்கம். என் மனைவி சரஸ்வதி. மருமகள் தேஜஸ்வினி. மகன் விவேக் பூதிகோட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தான். மருமகளின் லேப்டாப்பில் நீங்களும் உங்கள் மாணவர்கள் முப்பத்தொரு பேரும் இருந்தீர்கள். தங்கச் சுரங்கத்தின் டைம் ஆபீஸில் இருபத்தாறு வருடம் வருகைப் பதிவு எழுதியவன் நான். யாரையும் விட்டுவிடும் பழக்கம் இல்லை.

தேஜஸ்வினி பங்காருபேட்டையில் ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவள். அது போதாதென்று உங்கள் கல்லூரியில் எக்ஸிக்யூடிவ் எம்.பி.ஏ. சேர வேண்டும் என்றாள். எங்கள் குடும்பத்தில் கல்யாணமான பெண் யாரும் படிக்கப் போனதில்லை. முதலில் வேண்டாம் என்றேன். பத்து நாள் கழித்து, நன்றாக யோசித்து, நானே சம்மதித்தேன். அது என் தீர்மானம். உறவினர்களிடமும் அப்படித்தான் சொன்னேன்.

ஞாயிறு வகுப்பு வீட்டிலிருந்தே நடக்கும். அன்று அவள் தன் ப்ராஜெக்டைப் பற்றிப் பேச வேண்டிய நாள். அதில் தேறினால்தான் கடைசிப் பருவத்துக்குப் போக முடியும். நடு அறைக் கதவைச் சாத்துவதற்கு முன் வெளியே ஒரு தாளை ஒட்டினாள். ‘பத்திலிருந்து பன்னிரண்டு வரை வகுப்பு. தயவுசெய்து கதவைத் தட்ட வேண்டாம்.’ என் வீட்டுக் கதவு அது.

சரஸ்வதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “இன்னாங்க அப்டி மொறைக்கிறீங்க? உங்களுக்கு மறுபடியும் டூட்டி கெடச்சிருக்குது. கதவாண்ட குந்திக்குனு யாரு உள்ள போறாங்க, யாரு வெளிய வராங்கன்னு எழுதுங்க.”

“போய் வேலயப் பாரு” என்றேன்.

பத்து நாற்பதுக்குச் சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது. “இன்னாங்க, நெஞ்ச அடைக்குது. தேஜுவ கூப்புடுங்க.” எட்டிப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. நான் உடனே நடு அறைக் கதவுக்குப் போனேன். தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

உள்ளே மருமகள் பேசிக்கொண்டிருந்தாள். ஹெட்போன் போட்டிருந்ததால் உங்கள் குரல் வெளியே வரவில்லை. அவள் குரல் வந்தது. ஆங்கிலத்தில்தான் பேசினாள். எனக்கு ஆங்கிலம் தெரியும். ஒரு குடும்பத்தில் அதிகாரம் யாரிடம், முடிவு யாரிடம் என்பதுதான் அவள் ப்ராஜெக்ட். உதாரணம் எங்கள் வீடு. “மாமனார் உத்தரவு போடுவார். முடிவெல்லாம் மாமியாருடையது. நான் இந்தப் படிப்பில் சேர வேண்டும் என்று முடிவு செய்ததே அவர்தான். பத்து நாள் பொறு, அது உன் மாமாவின் யோசனையாகவே ஆகிவிடும் என்றார். அப்படியே ஆனது.” பிறகு நீங்கள் ஏதோ கேட்டிருக்கிறீர்கள். அவள் சிரித்துக்கொண்டே, “ஆமாம் சார், சுரங்கம் மூடிய விஷயம் அவருக்கு மட்டும் இன்னும் தெரியாது” என்றாள்.

கையை இறக்கிக்கொண்டேன்.

கூடத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். கதவில் எழுதியிருந்ததை நான் மீறவில்லை. இந்த வீட்டில் முடிவெடுப்பவள் சரஸ்வதி என்று முப்பத்தொரு பேர் முன்னால் சொல்லியாகிவிட்டது. இந்த முடிவையும் அவளே எடுக்கட்டும் என்று இருந்தேன். செல்போன் என் சட்டைப் பையில் இருந்தது. ஆட்டோ நிற்கும் இடம் இரண்டு நிமிட நடை. இவற்றை மறைக்கும் அவசியம் எனக்கு இல்லை. எதிரே சுவர்க் கடிகாரம் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினொன்று இருபத்தேழுக்கு மருமகள் கதவைத் திறந்தாள். நன்றாகப் பேசி முடித்த முகம். “அத்தே, டீ போடட்டா?” என்று கேட்டுக்கொண்டே சமையலறைக்குப் போனாள். பிறகு அவள்தான் ஆட்டோவுக்கு ஓடினாள்.

அரை மணி முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்றார் டாக்டர். நாற்பத்தேழு நிமிடம் இருந்தது. அதை அவரிடம் நான் சொல்லவில்லை.

சாவு வீட்டில் சரஸ்வதியின் தங்கை ரத்தினம்மா, வீட்டில் ஆள் இருந்தும் எப்படி இப்படி ஆனது என்று கேட்டாள். கதவிலிருந்து எடுத்து மடித்து வைத்திருந்த தாளை அவளிடம் கொடுத்தேன். எல்லோர் முன்னாலும் படித்தாள். “இன்னாடி தேஜு, எங்கக்கா உயிரு போவுது, உன் கதவத் தட்டக் கூடாதா?” தேஜஸ்வினி அடுத்த வாரம் படிப்பை விட்டுவிட்டாள். குடும்பத்தின் மானம் நின்றது. அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை.

அதோடு முடிந்திருக்கும். காரியத்தன்று யாரோ, பெரியவர் ஏன் போய்ப் பார்க்கவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். மருமகள் முந்திக்கொண்டு பதில் சொன்னாள். “மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க. மைன்ஸ்ல மிஷின் சத்தத்துல அவுருக்குக் காது போயிடுச்சு. பாவம், அத்தே கூப்ட்டது அவுருக்குக் கேட்டிருக்காது.” அன்றிலிருந்து ஆண்டர்சன்பேட்டை முழுவதும் அதே பேச்சு. பால் கடைக்காரன் என்னிடம் கத்திப் பேசுகிறான். நேற்று உங்கள் கடிதம் அவள் பெயருக்கு வந்தது. பிரித்துப் படித்தேன். அவள் உங்களுக்கும் இதையே எழுதியிருக்கிறாள் போலும். செவித்திறன் குறைந்த மாமனாரை வைத்துக்கொண்டு அவள் படும் சிரமம் புரிகிறது என்றும், அடுத்த பருவத்தில் மறுபடி சேரலாம் என்றும் எழுதியிருக்கிறீர்கள்.

உங்கள் அனுதாபம் எனக்கு வேண்டாம். அவளுடையதும் வேண்டாம். இந்தக் கடிதத்தை நீங்கள் போலீஸில் கொடுத்தாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. உங்கள் பதிவேட்டில் மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். டிரில் பிடித்துக் காது போனவர்கள் பூமிக்கடியில் லெவலில் வேலை செய்தவர்கள். நான் மேலே, மேஜையில் இருந்தவன். ஊர் பேசுவது தவறு. என் காதுக்கு ஒரு குறையும் இல்லை. சரஸ்வதி ஏழு முறை கூப்பிட்டாள். முதல் ஐந்து என்னை, கடைசி இரண்டு மருமகளை. ஏழும் கேட்டது.