பழைய திரியைக் கிளறக் கூடாது

இல்லம்மா, அவரை நான் வெரட்டல. திரியைத்தான் பூட்டினேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்கு. நின்னுக்கிட்டே பேசாதீங்க, அந்தக் கயிறு உருளை மேல உக்காருங்க. அழுக்கெல்லாம் இல்ல, புதுச் சரக்குதான். எட்டு பேரைத் தூக்கிட்டுப் போற இரும்புக் கயிறு, உங்களைத் தாங்காதா?

அது என்ன, ஆஸ்பத்திரி பைலா? அதை எங்கிட்ட காட்டி என்ன பிரயோஜனம்? நான் லிஃப்டுக்கு ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிறவன், டாக்டர் இல்ல. எக்ஸ்ரேயை உள்ள வைங்கம்மா. வலது கால் முட்டிக்குக் கீழ இல்லன்னு கேள்விப்பட்டேன். இல்லாததை எக்ஸ்ரேல வேற பாக்கணுமா?

திரின்னா என்னன்னா கேக்குறீங்க? சரியாப் போச்சு. அதே தெரியாமதான் நியாயம் கேக்க வந்தீங்களா? கேட்டுக்குங்க. இணையத்துல நாங்க லிஃப்ட் மெக்கானிக்குங்க மட்டும் பேசிக்கிற எடம் ஒண்ணு இருக்கு. நாலாயிரத்துச் சொச்சம் பேரு. ஒருத்தன் ஒரு கேள்வி போடுவான், அதுக்குக் கீழ அவனவன் தெரிஞ்ச பதிலப் போடுவான். அந்தக் கேள்வியும் பதிலும் சேந்த மொத்தத்துக்குத்தான் திரின்னு பேரு. அங்க யாரும் சொந்தப் பேருல வர்றதில்ல. உங்க வீட்டுக்காரரு சுண்டெலி. எந்தச் சந்துலயும் பூந்துடுவாராம், அவரே வெச்சுக்கிட்ட பேரு. நான் பெருசு. அது நானா வெச்சுக்கல, அவங்களா கூப்பிட்டது. பதினோரு வருஷமா அந்த எடத்தைக் கட்டி மேய்க்கிறது நான்தான். சம்பளமா? ஒரு பைசா கெடையாது. மரியாதைக்காகச் செய்யிறது.

நாலாயிரம் பேரு பொழங்குற எடத்துல ஒழுங்குன்னு ஒண்ணு வேணுமில்ல? அதான் விதி. மொத்தம் ஒம்போது. அதுல ஆறாவது என்ன சொல்லுது? ஆறு மாசத்துக்கு மேல பேச்சில்லாம கெடக்குற பழைய திரியைக் கிளறக் கூடாது. ஏன்னா, யாராவது அதுல ஒரு வரி எழுதினாப் போதும், அடியில கெடக்குறது அப்படியே மேல வந்து மொத ஆளா உக்காந்துக்கும். ஒம்போது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் மோட்டாரு கத்துதுன்னு கேட்டிருப்பான். அந்தக் கட்டடத்தையே இடிச்சுத் தள்ளியிருப்பாங்க. இவன் சாவகாசமா வந்து, அண்ணே இப்ப சத்தம் நின்னுடுச்சான்னு விசாரிப்பான். உடனே அம்பது பேரு அது இன்னைக்கு வந்த கேள்வின்னு நெனச்சு வரிஞ்சு கட்டிக்கிட்டு பதில் எழுதுவான். சிரிக்க மாட்டேங்கிறீங்க. எங்க ஆளுங்ககிட்ட சொன்னா விழுந்து விழுந்து சிரிப்பாங்க.

ஆமா, உங்க வீட்டுக்காரரும் அதைத்தான் செஞ்சாரு. செவ்வாய்க்கிழமை காலையில, பத்து பத்தரை இருக்கும். எட்டு வருஷத்துப் பழைய திரி. சும்மா கெடந்த சங்கை ஊதிக் கெடுத்தாரு. அண்ணன்மாருக்கெல்லாம் வணக்கம்னு ஆரம்பிச்சு, அரைப் பக்கத்துக்குக் கும்பிடு. விஷயம் என்னன்னா ஒண்ணே ஒண்ணுதான். கதவு தெறந்திருக்கும்போதே லிஃப்டைக் கொஞ்சம் நகத்திப் பாக்கணும்னா, லிஃப்டை ஓட்டுற எலக்ட்ரிக் பலகையில ரெண்டு நம்பருக்கு நடுவுல ஒரு துண்டு ஒயரைக் குத்துவோம். பழைய பலகையில பதினாலும் பதினேழும். இப்ப வர்ற புதுப் பலகையிலயும் அதே நம்பர்தானா, தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு கேட்டிருந்தாரு. நான் பூட்டினேன். செத்த பொணத்தைத் தோண்டாதீங்க சுண்டெலி, கேக்கணும்னா புதுத் திரி ஆரம்பிங்கன்னு எழுதினேன். அதுக்குக் கீழ முப்பது பேரு சிரிச்சு வெச்சிருந்தான்.

ஆமா, ஆரம்பிச்சாரு. அடுத்த பத்து நிமிஷத்துலயே புதுத் திரி போட்டாரு. அதையும் பூட்டினேன். ஏன்னா, ஏழாவது விதி இருக்கே. ஏற்கெனவே பேசின விஷயத்தைப் புதுசா ஆரம்பிக்கக் கூடாது. அரைச்ச மாவையே எத்தனை தடவை அரைக்கிறது? அதுக்குன்னு ஒரு பட்டன் வெச்சிருக்கேன். அமுக்கினா, இது முன்பே பேசப்பட்டது, பழைய திரியைப் படித்துத் தெளிவு பெறவும்னு தானா விழும், அந்தத் திரிக்கு வழியும் சேத்து.

அப்ப எங்கதான் கேக்கிறதுன்னு கேக்குறீங்க. எல்லாரும் கேக்குறதுதான். பழசுல கேக்கக் கூடாது, புதுசுல கேக்கக் கூடாது, அப்ப எங்க கேக்கிறது? கேக்கவே கூடாதும்மா. படிக்கணும். படிக்கிறதுக்குத்தான் அத்தனையும் எழுதி வெச்சிருக்கு. கேள்வி கேக்குறவனுக்கு வாய்தான் வலிக்கும், பதில் சொல்றவனுக்குப் பொழப்பே போயிடும்.

படிச்சிருக்காருல்ல? நீங்களே சொல்றீங்க. படிச்சாரு, பதினாலுலயும் பதினேழுலயும் ஒயரைக் குத்தினாரு, குழியில எறங்கினாரு. குழின்னா லிஃப்டு வந்து நிக்கிற கடைசித் தளத்துக்கும் கீழ இருக்கிற பள்ளம். அங்க ஒரு செவப்பு பட்டன் இருக்கும். அதை அமுக்கிட்டா மேல யாரு என்ன செஞ்சாலும் லிஃப்டு நகரக் கூடாது. அவரு அமுக்கியிருக்காரு. அதுல எல்லாம் கரெக்டு. நாலாவது மாடியில ஒரு அம்மா குப்பை கொட்டக் கீழ போகணும்னு லிஃப்டைக் கூப்பிட்டிருக்காங்க. வந்துடுச்சு, அவங்களை ஏத்திக்கிட்டு நேரா அவரு கால் மேல எறங்கிடுச்சு. அந்த அம்மாவை ஒண்ணும் சொல்ல முடியாது பாருங்க, குப்பை நாறும்.

வியாழக்கிழமை விசாரணையா? தெரியும். யாரைக் கேட்டுய்யா ஒயரைக் குத்தினேன்னு கம்பெனி கேக்கும். அவரு யாரையும் கேக்காம இஷ்டத்துக்குக் குத்தினாருன்னு முடிஞ்சா நஷ்டஈடும் இல்ல, வேலையும் இல்ல. கேட்டாருன்னு ரெண்டு பக்கம் காகிதம் இருந்தா ஸ்டோர்லயாவது உக்கார வெப்பாங்க. அந்த ரெண்டு பக்கத்துக்குத்தான் நீங்க மூணு பஸ்ஸு மாறி வந்திருக்கீங்க. புரியுது. எனக்கு அதை எடுக்க ஒரு நிமிஷம் ஆகாது. இந்தா, பிரிண்டரு இங்கதான் இருக்கு, காகிதமும் இருக்கு. ஆனா எடுத்துத் தர மாட்டேன். உறுப்பினர் பேச்சு வெளிய போகக் கூடாது. எட்டாவது விதி.

அவரோட கணக்கா? அதைக் காலு போன அன்னைக்கே நிறுத்திட்டேன். போலீசு, விசாரணைன்னு பேச்சு அடிபட்டா கணக்கை நிறுத்தி வெக்கிறதுதான் வழக்கம். ஆமா, ஆஸ்பத்திரியில இருந்து கடை நம்பருக்கு எழுதியிருந்தாரு, பாத்தேன். அண்ணே என்னால உள்ள வர முடியல, நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனான்னு. மனுஷனுக்குக் கால் போன கவலையை விட அது பெருசாப் போச்சு. நான் பதில் போடல. நிறுத்தின ஆளோட எப்படிப் பேசறது?

அழாதீங்க. கடைக்கு ஆளு வர்ற நேரம். நீங்க அழுதா நான் என்னவோ செஞ்ச மாதிரி இருக்கும். மூக்கைத் தொடைச்சிக்கங்க, அந்தத் துணி வேண்டாம், அதுல கிரீஸ் இருக்கு.

என்னது? அப்படியா சொன்னாரு? இன்னொரு தடவை சொல்லுங்க. பெருசு எழுதினது தப்பா இருக்காது, நான்தான் அவசரத்துல ஒயரை மாத்திக் குத்தியிருப்பேன். அப்படியேவா சொன்னாரு? ராத்திரி பகலா அதையே சொல்லிக்கிட்டு இருக்காரா? தன் கையைத் தானே அடிச்சுக்கிறாரா? அட பாவமே. நல்ல மனுஷன்மா உங்க வீட்டுக்காரரு. இந்தக் காலத்துல யாரு இவ்வளவு மரியாதை வெக்கிறா?

இல்லம்மா, அவரு மாத்தியெல்லாம் குத்தல. சரியாத்தான் குத்தியிருக்காரு.

ஆமா, அந்தப் பழைய திரியில இருக்கிற பதில் என்னுதுதான். எல்லாப் பலகைக்கும் பதினாலு, பதினேழுதான், கண்ண மூடிக்கிட்டுக் குத்துங்கன்னு எழுதியிருந்தேன். அதுக்குக் கீழ எறநூத்துப் பதினாலு பேரு நன்றி போட்டிருக்கான். எங்க எடத்துலயே அவ்வளவு நன்றி வாங்கின பதில் வேற கெடையாது. எழுதும்போது அது சரிதான். அப்புறம் புதுப் பலகை வந்துச்சு. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அஞ்சு மாடிக் கட்டடத்துல நானே குத்திப் பாத்தேன். குழியில செவப்பு பட்டன் அமுக்கியிருக்கு, ஆனாலும் லிஃப்டு எறங்குது. அந்த ஒயரு கதவுக் காவலை மட்டும்தான் விலக்கணும், புதுப் பலகையில செவப்பு பட்டன் வரைக்கும் எல்லாக் காவலையும் சேத்து அவுத்து விட்டுடுச்சு. நல்ல வேளை, நான் மேல பலகைகிட்ட நின்னேன். குழியில என் டூல்ஸ் பெட்டி மட்டும்தான் இருந்துச்சு. தகடா எடுத்தேன் அதை. அதை மடியில வெச்சுக்கிட்டு அரை மணி நேரம் படிக்கட்டுல உக்காந்திருந்தேன்.

புதுப் பலகைக்குப் பதினாலு, பதினஞ்சு. ரெண்டு நம்பர்ல ஒரு நம்பர்தான் மாறுது. வீட்டுக்கு வந்ததும் மாத்திடலாம்னு தெறந்துட்டேன்மா, சத்தியமா. கைய வெச்சப்புறம்தான் யோசனை வந்துச்சு. மாத்தினா, திருத்தப்பட்டதுன்னு செவப்புல விழும், திரி மேல வந்துடும். கீழ அத்தனை பேரோட நன்றி. சரி, வேண்டாம்னு மூடிட்டேன். யாரும் அந்தப் பக்கம் போகாம இருந்தாப் போதும்னு அன்னைக்கு சாயங்காலமே ஆறாவதா அந்த விதியை நடுவுல சொருகினேன். அதுக்கு முன்னாடி எட்டு விதிதான் இருந்துச்சு.

உங்க வீட்டுக்காரரு கேட்டதும் எனக்குப் பதில் தெரியும்மா. ஒத்த வார்த்தை. கை பட்டனுக்குப் போயிடுச்சு.

இப்பவா? இப்பவும் பதினேழுன்னுதான் இருக்கு. திரியைப் பூட்டினாலும் நன்றி போடலாம், நேத்துக்கூட மூணு பேரு போட்டிருக்கான். மாத்தினா மேல வந்துடும்மா. எல்லாரும் பாப்பாங்க.