வெறுந்திரை

கேம் விளையாடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் விளையாட்டைப் பார்ப்பதே இல்லை, ஐயா. நீங்கள் விளையாடியிருக்க மாட்டீர்கள், அதனால் சொல்கிறேன். திரையின் மேல்மூலையில் உயிர் எவ்வளவு மிச்சம் என்று காட்ட ஒரு சிவப்புக் கோடு இருக்கும். கீழ்மூலையில் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று அம்புக்குறி போட்ட சின்ன வரைபடம். ஆட்கள் அந்த இரண்டையும்தான் பார்ப்பார்கள். நடுவில் ஒரு காடே அசைந்துகொண்டிருக்கும். அதைக் கவனிக்க ஆள் இல்லை.

நான் அதையெல்லாம் அணைத்துவிட்டு விளையாடுகிறவன். செட்டிங்கில் போய் ஒவ்வொன்றாக எடுத்துவிடலாம். எடுத்தபின் காடு மட்டும்தான். எதிரி எங்கே என்பதைப் பறவை எழும்புவதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அடி பலமா என்பதை மூச்சு வாங்கும் சத்தத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் வாரம் நாய்படாத பாடு பட்டேன். பழகிய பிறகு அதைப்போல நிம்மதி வேறு இல்லை.

மதுரன் என் சிநேகிதன். பெரியகல்லாற்றில் என் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தான். கட்டாரில் இருக்கும் அவனுடைய அண்ணன் அனுப்பிய பிளேஸ்டேஷனை என் வீட்டில்தான் வைத்திருந்தோம். என் வீட்டில் நான் மட்டும்தானே. ஞாயிறு பகல் முழுக்க விளையாடுவோம். அவனுடைய முறை வந்ததும் கோடு, வரைபடம் எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிடுவான்.

"மெப் இல்லாம கண்ணக் கட்டிக் காட்டுல உட்ட மாதிரி இரிக்கி மச்சான். உனக்கு விசர்," என்பான்.

கேலிக்காரன். அதற்கெல்லாம் நான் கோபிப்பதில்லை. ஆனால் ஒருநாள் அவனுக்குச் சுனாமி வந்த காலையைப் பற்றிச் சொன்னேன். கடல் உள்ளே இழுபட்டதை வாசலில் நின்று கண்டவன் நான். அறிவித்தல் இல்லை, சைரன் இல்லை. ஏதோ சரியில்லை என்று என் உடம்புக்குத் தெரிந்தது. கடலுக்கு எதிர்ப்பக்கம், ஊருக்குப் பின்னால் இருக்கும் வாவிப் பக்கம் ஓடினேன், தப்பினேன். என் மனைவி வதனியும் பிள்ளையும் வீட்டுக்குள் இருந்தார்கள். எந்தக் குறியும் இல்லாமல் பார்க்கத் தெரிந்தவன்தான் பிழைப்பான் என்று மதுரனுக்கு விளங்கப்படுத்தினேன். அவன் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நீ உணர்ந்து ஓடல்ல மச்சான். பயந்து ஓடினாய். அதுல பிழ இல்ல. ஆரெண்டாலும் ஓடியிருப்பான்."

ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தான். எனக்குச் சுருக்கென்று தைத்தது. இதற்கும் நடந்ததற்கும் சம்பந்தம் இல்லை. ஒன்றும் விடாமல் சொல்லச் சொன்னீர்கள், சொல்கிறேன்.

யுத்தம் முடிந்த வருடம் மிதிவெடி அகற்றும் அணி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தேன். வெடி எடுப்பது நான் இல்லை. குச்சி சீவி, தலைப்பில் பெயின்ட் பூசி, அவர்கள் காட்டும் இடத்தில் நடுவது என் வேலை. ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் சிவப்பு. வெள்ளை தெரிகிற பக்கத்தால் நடக்கலாம். சிவப்பு தெரிந்தால் அங்கே கால் வைக்கக் கூடாது.

மண்டூருக்கு மேற்கே மதுரனுக்கு மூன்று ஏக்கர் வயல் இருந்தது. அந்த வயல் வட்டைக்குப் போகப் பற்றைக்காட்டுக்குள் ஒரு ஆள் நடக்கும் அகலத்தில் வழி துப்புரவாக்கி, இரு கரையிலும் குச்சி நட்டிருந்தோம். மற்ற இடமெல்லாம் வெடி. மதுரன் அதால் பத்துப் பன்னிரண்டு தரம் போய்வந்தான். நான் பின்னால் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளைத் தலைகளை மட்டும் பார்த்தபடி, ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டு போவான். தன் வயலுக்குப் போகிற மண்ணை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

தீபாவளிக்கு எங்கள் அணிக்கு நான்கு நாள் லீவு. முதல்நாள் பகல் குருமண்வெளித் துறையில் படகேறி வாவியைக் கடந்து போனேன். குச்சிகள் எல்லாவற்றையும் பிடுங்கி வாய்க்காலில் போட்டேன். சனம் வேலிக்கும் அடுப்புக்கும் அந்தக் குச்சிகளைப் பிடுங்குவது வழமைதான். எத்தனை கூட்டம் வைத்துச் சொன்னாலும் கேட்பதில்லை. அதனால் யாரும் வித்தியாசமாக நினைக்க மாட்டார்கள் என்று தெரியும்.

விதைப்புக்கு முன் வரம்புகளைப் பார்க்க வேண்டும் என்று மதுரன் அடுத்த நாள் காலை புறப்பட்டான். நானும் கூடப் போனேன். மதகடியில் சைக்கிள்களை நிறுத்தினோம்.

"குச்சி ஒண்டையும் காணல்லயே மச்சான்."

"வேலிக்குப் புடுங்கியிருப்பாங்க. உனக்கு வழி தெரியும்தானே?"

"நட்டது நீதானே. நீ முன்னுக்குப் போவன்."

"எனக்குக் கால் சுளுக்கு. நீ ஆறுதலாப் பார்த்துப் போ. பிழையெண்டா இஞ்ச நிண்டு சத்தம் வைப்பன்."

அவன் என்னை நம்பினான். போனான்.

முதல் இருபது அடி சரியாக வைத்தான். பிறகு நின்றான். குனிந்து மண்ணைப் பார்த்தான், மாட்டுச் சாணத்தைப் பார்த்தான், புற்றைப் பார்த்தான். பாட்டு இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலை எடுத்து வைக்க ஒரு நிமிடம் எடுத்தான். சில நேரம் தூக்கிய காலை அந்தரத்தில் வைத்துக்கொண்டே நின்றான். உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மதுரன் முதல் தடவையாகப் பார்த்தான்.

பாதி வழியில் ஒரு மருதமரம் நிற்கிறது. வழி அதற்கு வலப்பக்கத்தால் போகிறது. மதுரன் மரத்தடியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தான். இடப்பக்கம் கையைக் காட்டினான்.

"இஞ்சால சரிதானே மச்சான்?"

நான் வாய் திறக்கவில்லை. விளையாடுகிறவனுக்கு வழி சொல்லக் கூடாது, சொன்னால் விளையாட்டு கெட்டுவிடும். நான் சத்தம் வைக்காததால் சரி என்று எடுத்துக்கொண்டான்.

வெடித்த சத்தம் நான் நினைத்ததைவிடச் சின்னதாகத்தான் இருந்தது. வயலில் நின்ற கொக்குகள் எழும்பின. அவன் உடனே சாகவில்லை. முதலில் என்னைக் கூப்பிட்டான். பிறகு பெண்சாதி கேதீஸ்வரியைக் கூப்பிட்டான். பிறகு திரும்பவும் என்னை.

மதகில் இருந்து அந்த மரத்துக்கு நூறு அடிகூட இல்லை, போய்ச்சேர ஏன் அரை மணித்தியாலம் ஆனது என்று கேட்டீர்கள். குச்சி பிடுங்கிய இடங்களில் சின்னச் சின்னக் குழிகள் இருந்தன. இரவு பெய்த மழையில் சில தூர்ந்துபோயிருந்தன. ஒவ்வொன்றாகத் தேடி, விரலை விட்டுப் பார்த்து, நான் பிடுங்கிய குழிதான் என்று உறுதியான பிறகே அடுத்த அடியை வைத்தேன். ஒன்றைக்கூட விடவில்லை.

மரத்தடிக்கு நான் போனபோது மதுரனுக்கு உயிர் இருந்தது. வழிக்கு வெளியே, இரண்டு எட்டு வைத்தால் தொடலாம் என்கிற தூரத்தில் கிடந்தான். என்னைக் கண்டதும் கையை நீட்டினான். கை கீழே விழும்வரை நான் வழியிலேயே நின்றேன். குழி இல்லாத மண்ணில் எப்படி ஐயா கால் வைப்பது?